ஓரத்திலிருந்து வந்த அடி

சதுரங்கம் ஆடத் தெரிந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், நேயர்களே! "முதலில் நடுக் கட்டங்களில் சிப்பாய்களைக் கொண்டுபோய் நிறுத்து" என்றுதான் பாடம் சொல்வார். நல்ல பாடந்தான். ஆனால் அந்தப் பாடத்துக்கே ஒருவர் சவால் விட்ட கதை உங்களுக்குத் தெரியுமோ?

1924-ம் வருஷம் மார்ச் 22. நியூயார்க் நகரத்தில் அலமாக் ஹோட்டலில் பெரும் பந்தயம். ஒரு பக்கம் கியூபா தேசத்துக் கபாப்ளாங்கா, உலக சாம்பியன். 1916-க்குப் பிறகு பந்தயத்தில் ஓர் ஆட்டங்கூடத் தோற்காதவர். எதிரே செக்கோஸ்லோவாகியாவின் ரிச்சர்ட் ரேட்டி.

ரேட்டிக்கு வெள்ளைக் காய்கள். முதலில் குதிரையை நகர்த்தினார். பிறகு ராணிப் பக்கத்துச் சிப்பாய்கள் இரண்டை முன்னே தள்ளினார். இரண்டு மந்திரிகளையும் இரண்டு ஓரங்களில் கொண்டுபோய் வைத்தார். நடு மைதானம் காலி! 'இதென்ன பைத்தியக்காரத்தனம்?' என்றுதானே தோன்றுகிறது? ஆனால் ஓரத்தில் உட்கார்ந்த அந்த மந்திரிகள், மூலைவிட்டமாக நடுக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் போய் நிற்காமலே அதை ஆளலாம் என்பது ரேட்டியின் கட்சி.

பதினாறாவது நகர்த்தலில்தான் அவர் தம் சிப்பாயை நடுவில் இரண்டாவது தடவை தள்ளி, சண்டையை ஆரம்பித்தார். இருபதாவது நகர்த்தலில் கபாப்ளாங்காவின் ராணி ஒரு சிப்பாயை வெட்டியது. லாபந்தானே? இல்லை. ரேட்டி மந்திரியை மந்திரியால் வெட்டி, ராணியால் ஒரு 'செக்' வைத்து, யானையால் பதில் சிப்பாயையும் பிடித்துக்கொண்டார். வெளியே வந்த கறுப்பு ராணியோ அங்கும் இங்கும் அலைந்ததே தவிர, வீடு திரும்பவில்லை. முப்பத்தொன்றாவது நகர்த்தலில் யானை அதைத் தாக்கியபோது, அது போய் நிற்கப் பத்திரமான கட்டம் ஒன்றுகூட இல்லை. சாம்பியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். எட்டு வருஷக் கோட்டை சரிந்தது!

பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் ரேட்டி அல்ல. முன்னாள் சாம்பியன் லாஸ்கர். இரண்டாவது கபாப்ளாங்காவேதான். ரேட்டிக்கு ஐந்தாவது இடம். 1929-ல், நாற்பது வயதில், ஸ்கார்லெட் ஜுரத்துக்கு அவர் பலியானார். ஆனாலும், 'ரேட்டி ஆரம்பம்' என்று அவர் பெயரைச் சொல்லி இன்றும் ஆடுகிறார்கள்.

நீங்களும் ஒருநாள் குதிரையை முதலில் நகர்த்திப் பாருங்களேன்! எதிரே இருப்பவர், "நடுவைக் கோட்டை விட்டாயே!" என்று சிரித்தால் சிரிக்கட்டும். பதினாறாவது நகர்த்தல் வரையில் பொறுமையாக இருங்கள்.