நஞ்சு பூசாத ஓடு

கடலில் போட்ட பொருள் நாலு நாள்கூடத் தனியாக இருப்பதில்லை. முதலில் நுண்ணுயிர்களின் வழவழப்பு, பின்பு பாசி, கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிர் என்று குடியேற்றம் தொடங்கிவிடும். கப்பலின் அடிப்புறம் இப்படிச் சொரசொரத்துப்போனால் எரிபொருள் செலவு எகிறும். அதற்கு மனிதன் கண்ட மருந்து, நஞ்சு.

டிரைபியூட்டைல்டின் கலந்த பெயின்ட் கொட்டலசைக் கொன்றது. தண்ணீரில் கரைந்து மற்றவற்றையும் பதம் பார்த்தது. பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் 1970களின் பிற்பகுதியில் சிப்பிகளின் ஓடுகள் தடித்துக் கோணின, குஞ்சுகள் தேறவில்லை. பண்ணைக்காரர்கள் நொடித்துப்போனார்கள். 1982இல் சிறு படகுகளில் இந்தப் பெயின்ட் பூச அந்நாடு தடை போட்டது. உலகக் கப்பல்களுக்கான தடை நடைமுறைக்கு வர 2008 ஆகிவிட்டது. அந்த இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பு. சரக்குதான் மாறியது, புத்தி மாறவில்லை.

நஞ்சில்லாமலே ஓட்டைக் காத்துக்கொள்ளும் ஆளி என்னும் சிப்பியினத்தைப் பாருங்கள். அதன் ஓட்டுக்கு மேலே மெல்லிய புரதத் தோல் ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் அதில் ஒன்றிரண்டு மைக்ரான் இடைவெளியில் வரிவரியாக மேடுபள்ளங்கள் தெரியும். கொட்டலசின் இளம் பருவம் உணர்கொம்பால் தரையைத் தட்டித் தடவி, பிடித்திருந்தால்தான் ஒட்டும். இந்த வரிகளில் அதற்கு நல்ல பிடிமானம் கிடைப்பதில்லை. தோலிலுள்ள வேதிப்பொருள்களுக்கும் பங்குண்டு என்கின்றன ஆய்வுகள். போதாக்குறைக்கு இளம் ஆளி தன் காலை நீட்டித் தன் ஓட்டைத் தானே துடைத்துக்கொள்ளும்!

வயதான ஆளியில் கீல் பக்கம் தோல் தேய்ந்துவிடும். கொட்டலசு உட்காருவது பெரும்பாலும் அங்கேதான். காவல் தோலில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதற்காக வரிகளை நகலெடுத்தால் வேலை முடிந்தது என்று யாரும் துள்ள வேண்டாம். பிசினில் வார்த்த நகல்களைக் கடலில் இறக்கியபோது, சில வாரங்களிலேயே பலன் மங்கியது. ஆளி தோலை வளர்த்துக்கொண்டே இருக்கிறது, பெயின்ட் வளராது. பரப்பு, வேதியியல், துடைப்பு மூன்றையும் சேர்த்து யோசிக்கும் ஆய்வுக்குத்தான் கப்பல் நிறுவனங்களும் அரசுகளும் பணம் ஒதுக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஒட்டிக்கொள்வதில் ஆளியே பெரிய கில்லாடிதான். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் குளிர்நீர்ச் சுரங்கத்தில் பச்சை ஆளி கொத்துக்கொத்தாகப் படியும். குளோரின் விட்டு அதைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆய்வுக்கு ஆளி தேடி அங்கே யாரும் அலைய வேண்டியதில்லை.