குழாய் உடையலீங்க, உடைச்சீங்க!

எந்த வீட்ல குழாய்க்குப் பின்னால சுவர் ஊறினாலும் தீர்ப்பு ரெடியா இருக்கும்: "பிளம்பர் சரியில்ல." அதுக்கு அடுத்தது, "பிளாஸ்டிக்னாலே இப்படித்தான், அந்தக் காலத்து இரும்பு பைப் மாதிரி வருமா?" ரெண்டுமே சப்பைக்கட்டு. பி.காம். படிக்கிறவனுக்கு பைப்பைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுங்க, கணக்கும் வரும்.

இரும்பு உசத்தின்னு சொல்றவங்க, ஜி.ஐ. பைப் துருப்பிடிச்சு உள்ளுக்குள்ளேயே அடைச்சுக்கிட்டதையும், செம்மண் கலர்ல தண்ணி வந்ததையும் வசதியா மறந்துடறாங்க. பிளாஸ்டிக்ல அந்தத் தொல்லை இல்ல. சால்வென்ட் சிமெண்ட் போட்டு ஒழுங்கா ஒட்டின இடம் ஒரே உடம்பாவே ஆயிடும். வம்பெல்லாம் மரை இருக்கிற இடத்துலதான். சுவருக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் எல்போவுல உலோகக் குழாயைத் திருகறோமே, அந்த ஒரு இடம்.

பைப் மரை நட்டு போல்ட் மாதிரி கிடையாது. ஆண் மரை பெரும்பாலும் நுனியில ஒடுங்கி, போகப்போகப் பருத்திருக்கும். திருகத் திருக ஆப்பு மாதிரி இறங்கும். வெளியில இருக்கிறது இரும்புன்னா தாங்கும். பிளாஸ்டிக்னா விரியும், ஒரு கட்டத்துல பிளக்கும். அதுவும் உடனே பிளந்தா பரவாயில்ல. இழுவிசையிலேயே பல மாசம் இருந்துட்டு, டைல்ஸ் ஒட்டி, பால் காய்ச்சி, எல்லாரும் விருந்து சாப்பிட்டுப் போனப்புறம் மெதுவா விரிசல் விடும்.

இதுல நம்மாளுங்க டயலாக் வேற: "இன்னும் ஒரு சுத்து டைட் பண்ணுப்பா!" எதுக்குங்க? மாடி டேங்க் 10 மீட்டர் உயரத்துல இருந்தா குழாய்ல வர்ற அழுத்தம் ஏறக்குறைய 1 கிலோ, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. அந்தத் தண்ணி எல்போவை உடைக்காது. ரெண்டடி நீள ரிஞ்ச்ல தொங்குற ஆள்தான் உடைக்கிறார். கையால முடியற வரைக்கும் திருகிட்டு, ரிஞ்ச்ல ஒண்ணுலேர்ந்து ரெண்டு சுத்து. அவ்வளவுதான். டெஃப்லான் டேப்பை மரை முனை உங்களைப் பார்த்திருக்கும்போது கடிகார முள் திசையில சுத்தணும். மாத்திச் சுத்தினா திருகும்போது உரிஞ்சு வந்துடும். நிறைய சுத்தினா அதுவும் ஆப்புதான், பாதி ரோலைக் காலி பண்றதுல ஒரு பெருமையும் இல்ல. சி.பி.வி.சி.ன்னா இன்னொண்ணு: பழைய ஜி.ஐ. பழக்கத்துல எண்ணெய் கலந்த பூச்சைத் தடவாதீங்க, சிலது பிளாஸ்டிக்கையே விரிசல் விட வைக்கும்.

இதைவிட நல்ல வழி ஒண்ணு கடையிலயே இருக்கு. உள்ளே பித்தளை மரை பதிச்ச எல்போ. பித்தளையும் பித்தளையும் திருகிக்கும், பிளாஸ்டிக் சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கும். பிளாஸ்டிக் மரையைவிட விலை பல மடங்கு, உண்மைதான். ஹாலுக்கு கிரானைட் போடறவர் இங்க வந்துதான் சிக்கனம் பாக்கறார். அக்கவுண்ட்ஸ்ல மூலதனச் செலவு, வருவாய்ச் செலவுன்னு படிக்கிறோமில்ல? எல்போ ஒரே தடவை வாங்கறது. அதுல மிச்சம் பிடிச்சா சுவரை இடிக்கிறது, கொத்தனார் கூலி, அதே டிசைன் டைல்ஸ் கிடைக்காம அலையறதுன்னு பின்னாடி வரிசையா நிக்கும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலே, 20 சொட்டு ஒரு மில்லின்னு வெச்சா, நாளைக்கு 4 லிட்டருக்கு மேல, வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல. அத்தனையும் சுவருக்குள்ள.

இதுல பணம் மிச்சமாகறது ஒருத்தருக்கு, தண்டம் அழறது இன்னொருத்தர். நாங்க நாலு பேர் தங்கியிருந்த வீட்டைக் காலி பண்ணும்போது "பாத்ரூம் சுவரு போச்சு"ன்னு அட்வான்ஸ்ல கழிச்சாங்க. சுவரைத் தோண்டிப் பாத்தா, நெடுக விரிஞ்ச வெள்ளை எல்போ. அதை நாங்களா வாங்கிப் போட்டோம்?

அதனால வீடு கட்டறவங்க, டைல்ஸ் ஒட்ட விடறதுக்கு முன்னால எல்லா முனையிலயும் டம்மி போட்டு, தண்ணி நிறைச்சு, ஒரு ராத்திரி அப்படியே விட்டுப் பாருங்க. கொத்தனார் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். அப்புறம், குழாய்ல வாளியை மாட்டித் தொங்கவிடறவங்களே, உங்களைப் பத்தித் தனியா எழுதணும்.