பழுது நீக்க இயலாது என்று எழுதுவதற்கு முன்

போன வாரம் எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டி ஓரத்தில் ஒரு டீப்பாய் கிடந்தது. அசல் தேக்கு. ஒரு கால் மட்டும் கழன்று தொங்கியது. மேல்பலகையில் காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையங்கள். வேறு குறை எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் என் வயதுக்காரர், காலை நடையில் பழக்கம். கேட்டேன். "ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்" என்றார். மறுநாள் யாரோ அதை விறகுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை. சண்டையை என்னிடமிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அதே வாக்கியத்தை அரசாங்கத் தமிழில் பலமுறை எழுதியவன் நான்.

எழுத்தராக இருந்த காலத்தில் தளவாடப் பதிவேடு சில வருடம் என் பொறுப்பில் இருந்தது. ஒரு மேசையைக் கழிவு செய்ய வேண்டுமானால் "பழுது நீக்கிப் பயன்படுத்த இயலாது" என்று ஒரு சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு முன்னால் ஒரு தச்சர் அந்த மேசையைப் பார்த்திருக்க வேண்டாமா? நான் இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரே நாளில் பதினொரு மேசைகளுக்கு அந்த வரியை எழுதினேன். ஒன்றைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. ஏலம் போனது. இரண்டு வருடம் கழித்து, ஏலம் எடுத்தவரின் கடையில் அதில் ஒரு மேசையைப் பார்த்தேன். கால்களை இறுக்கி, மெருகு போட்டு, அதன்மேல் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். "வாங்க சார்" என்று அவர் கூப்பிட்டபோது எனக்கு முகம் சுண்டிப்போனது.

சரி, டீப்பாய்க்கு வருவோம். பெயரைக் கேட்டால் டீ குடிக்கும் மேசை என்றுதான் தோன்றும். டீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று என்னும் இந்திச் சொல்லும் கால் என்னும் பாரசீகச் சொல்லும் சேர்ந்து, மூன்று கால் பலகை என்ற பொருளில் வந்த பெயர். வெள்ளைக்காரன் வாயில் அது டீப்பாய் ஆகி, நம் வீட்டுக்கு வந்தபோது நான்கு கால் முளைத்து, காபி டம்ளரைச் சுமக்கிறது.

எங்கள் வீட்டு டீப்பாய் 1978இல் செய்தது. மூன்றடி நீளம், ஒன்றேமுக்கால் அடி அகலம். ஆசாரி ஒருவர் எங்கள் வாடகை வீட்டுத் திண்ணையில் மூன்று நாள் உட்கார்ந்து செய்தார். மரம், கூலி எல்லாம் சேர்த்து 140 ரூபாய். காலில் துளை வெட்டி, சட்டத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி, வச்சிரம் தடவி இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்தார். மேல்பலகையை மட்டும் சட்டத்தோடு ஒட்டவில்லை. அடியிலிருந்து திருகாணி போட்டார். அந்தத் துளையையும் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இழுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "சித்திரையில பலகை சுருங்கும், ஐப்பசி மழைக்கு விரியும். அதுக்கு நகர இடம் வேணும்ல? இல்லைன்னா வெடிச்சிரும்யா" என்றார். மதுரை வெயிலை அளந்து வைத்து மேசை செய்த மனிதர்.

அந்த மேசைக்கு நான் செய்த துரோகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கால் ஆடியபோது சோம்பேறித்தனமாக இரண்டு இரும்பாணியை அடித்தேன். ஆணி துருப்பிடித்து மரத்தைப் பிளந்தது. 2017இல் "அசிங்கமா இருக்கு" என்று அதை மாடி அறைக்கு ஏற்றிவிட்டு, 3,499 ரூபாய்க்குப் பளபளப்பாக ஒன்று வாங்கினோம். மரத்தூளைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் மரக்கோடு அச்சடித்த தாள். வீடு துடைக்கிற தண்ணீர் காலடியில் ஏறி ஏறி இரண்டு வருடத்தில் அடி உப்பியது. நான்காம் வருடம் திருகாணி கையோடு வந்துவிட்டது. பழகிய ஆசாரியைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம் பார்த்தார். "ஐயா, இது மரத்தூள் ரொட்டி. ஒருதடவை திருகின இடத்துல மறுதடவை பிடிக்காது. இதுல நான் என்ன செய்ய? மாடியில ஒண்ணு கெடந்துச்சே, அதை எறக்குங்க" என்றார்.

இறக்கினோம். துருவேறிய ஆணிகளைப் பிடுங்கினார். பழைய வச்சிரத்தை வெந்நீர் விட்டு இளக்கி, மூட்டைக் கழற்றினார். கழற்ற முடிவதுதான் அந்தக் காலத்து வேலையின் பெருமை. பிளந்த இடத்துக்கு அதே தேக்கில் துண்டு வைத்து ஒட்டி, புது மூங்கில் ஆணி அடித்தார். இரண்டு நாள் கூலி 2,400, சாமான் 350.

இப்போது கணக்குப் போடுங்கள். புதியது 3,499 ரூபாய், நான்கு வருடம். வருடத்துக்கு 875. பழுதுபார்த்தது 2,750 ரூபாய். பத்தே வருடம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 275தான். "புதுசே வாங்கிடலாம்" என்பவர்கள் முதல் நாள் விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

மெருகு விஷயத்தில் எனக்கு ஒரு தனிச் சிரிப்பு உண்டு. பிரெஞ்சு பாலிஷ் என்கிறோம். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மொழியில் அதற்கு அப்படிப் பெயரே கிடையாது. "வெர்னி ஓ தாம்போன்", அதாவது பஞ்சுப் பொதியால் தேய்க்கும் மெருகு என்பார்கள். அதன் மூலப்பொருளான அவலரக்கு, ஜார்க்கண்ட் பக்கத்துப் பலாச மரங்களிலும் இலந்தை மரங்களிலும் பூச்சி சுரப்பது. நம் நாட்டுப் பூச்சியின் உழைப்புக்குப் பிரான்சின் பெயர்! அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாகப் பல கை தேய்க்க வேண்டும். சூடான டம்ளர் வளையம் விழுந்தால், ஸ்பிரிட்டில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவு தடவினாலே பெரும்பாலும் மறையும். தெருமுனை டீப்பாயின் வளையங்களும் அப்படிப் போயிருக்கக் கூடியவைதான்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த துணி போதும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பிசுக்காகித் தூசி பிடிக்கும். ஜன்னல் வெயிலில் போடாதீர்கள். மாதம் ஒருமுறை காலடியைப் பாருங்கள். மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் பூச்சி, மண்கோடு ஏறியிருந்தால் கரையான். வைரம் பாய்ந்த பகுதி எளிதில் கெடாது. வெள்ளைப் பகுதிதான் முதலில் உளுக்கும்.

என் மகன் சொல்கிறான், "அப்பா, ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் மாத்துறவன் தேக்கைத் தூக்கிக்கிட்டு அலைய முடியுமா?" நியாயமான கேள்வி. அவனுக்குப் பிரம்பு போதும், மடக்கும் இரும்புக் கால் போதும், நல்ல பிளைவுட்டில் ஆசாரி செய்ததும் போதும். அவற்றைச் சரிபண்ண முடியும். பழுதுபார்க்கவே முடியாத பொருளை மரச்சாமான் என்று சொல்லி விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பிரான்சில் 2021இல் செல்பேசி, சலவை இயந்திரம் போன்றவற்றின்மேல், எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்ற விதி வந்தது. நம் மத்திய அரசும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, செல்பேசி, வீட்டு மின்சாதனம், வாகனம் எல்லாம் அதில் உண்டு. மேசை நாற்காலி பற்றிப் பேச்சில்லை.

ஆனால் அரசாங்கத்தைக் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. பெரிய கடையில் ஒட்டியிருக்கிற விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். வாசலுக்கு வந்த ஆசாரியிடம் இருநூறு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். என் டீப்பாயைச் சரிசெய்தவரின் மகன் இப்போது உளியைத் தொடுவதில்லை, கார் ஓட்டுகிறார். "அவனைக் குறை சொல்ல மாட்டேன்யா. இதுல என்ன மிஞ்சுது?" என்றார் அப்பா. அவருக்கும் அறுபத்தாறு ஆகிவிட்டது. அவர் கை ஓய்ந்தபின் "பழுது நீக்க இயலாது" என்பது உண்மையாகவே ஆகிவிடும். அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டவர்கள் நாமாக இருப்போம்.

ஆகவே என் வயது நண்பர்களே, உங்கள் வீட்டில் கால் ஆடுகிற மேசை இருந்தால், குப்பைத்தொட்டிக்குத் தூக்குமுன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பிறகு ஓர் ஆசாரியைக் கூப்பிட்டு, கேட்ட கூலியைக் கொடுங்கள். பதினொரு மேசைக்கு நான் செய்யத் தவறியது அவ்வளவுதான்.