தலைப்பாகைக்குத் தூண், முக்காட்டுக்கு வீடியோ

1806 வேலூர்ப் புரட்சியைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். நான் தமிழ் ஆசிரியை, வரலாறு என் பாடம் இல்லை. ஆனால் வேலூரில் எதை நடத்தினாலும் அந்தக் கோட்டையைத் தொடாமல் போக முடிவதில்லை. சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று சென்னை ராணுவத் தலைமை உத்தரவு போட்டது. இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் அந்தத் தோலைத் தலையில் வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் காவலில் இருந்ததும் சேர்ந்துகொண்டது. ஜூலை 10 விடிவதற்குள் துப்பாக்கிகள் வெடித்தன. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் இறந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் பதவியை விட்டுத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேம், அவங்க தலைப்பாகையில கை வெச்சதுக்குத் தூண் கட்டியிருக்காங்க. அதே கோட்டையில ஒரு பொண்ணோட ஹிஜாபைக் கழட்ட வெச்சாங்களே, அவளுக்கு என்ன கட்டினாங்க?”

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அந்த வீடியோ தெரியும்.

2023 மார்ச் 27. கோட்டையைப் பார்க்க ஆண் நண்பரோடு வந்த ஒரு பெண்ணைச் சில இளைஞர்கள் மறித்தார்கள். ஹிஜாப் போட்டுக்கொண்டு ஆணோடு வரலாமா என்பதுதான் விசாரணை. ஹிஜாபைக் கழற்ற வைத்தார்கள், படம் பிடித்தார்கள், ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். மூன்று நாளில், 17 வயதுப் பையன் ஒருவன் உட்பட ஏழு பேரைக் காவல்துறை கைது செய்தது. வீடியோவைப் பகிர்ந்தால் நடவடிக்கை என்றும் எச்சரித்தது. அவ்வளவுதான், செய்தி முடிந்தது.

எனக்கு முடியவில்லை. கைதானவர்களின் பெயர்களைப் படித்தபோது ஒன்று உறைத்தது. அவை ஒரே மதத்துப் பெயர்கள் இல்லை. 1806-இல் இந்துவும் முஸ்லிமும் தங்கள் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்ய அந்தக் கோட்டையில் ஒன்று சேர்ந்தார்கள். 2023-இல் இரண்டு மதத்துப் பையன்களும் ஒரு பெண்ணின் தலையில் என்ன இருக்கலாம் என்பதை முடிவு செய்ய அதே கோட்டையில் ஒன்று சேர்ந்தார்கள். மதநல்லிணக்கம் என்று நாம் மேடையில் பேசுவது இப்படியும் நடக்கும்.

ஹிஜாபின் கண்ணியத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் ஏன் அதைக் கழற்றச் சொன்னார்கள்? இது முரண்பாடாகத் தெரியலாம். எனக்கு அதில் முரண்பாடே இல்லை. போடு என்று சொல்லும் அதிகாரம் தனக்கு இருப்பதாக நினைப்பவன், கழற்று என்று சொல்லும் அதிகாரமும் தனக்கு உண்டு என்றுதான் நினைப்பான். அவனுக்குத் துணி பொருட்டே இல்லை. அந்தத் தலை தன் பொறுப்பில் இருக்கிறது என்ற நினைப்புதான் முக்கியம்.

இனி மார்க்கத்தின் பெயரால் பேசுகிறவர்களிடம் மார்க்கத்தை வைத்தே பேசுகிறேன். குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தை எடுங்கள். பெண்கள் பார்வையைத் தாழ்த்துவது பற்றியும் மேலாடையை மார்பின் மேல் போட்டுக்கொள்வது பற்றியும் பேசுவது 31ஆம் வசனம். அதற்கு முந்தைய 30ஆம் வசனம் யாருக்கு? ஆண்களுக்கு. பார்வையைத் தாழ்த்தவும் கற்பைக் காக்கவும் முதலில் சொல்லப்பட்டது ஆண்களிடம். நம் ஊரில் 31ஆம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லாத மாமா இல்லை, சாச்சா இல்லை. 30ஆம் வசனத்தைத் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த தகப்பனை விரல் விட்டு எண்ணலாம்.

புகாரியில் ஒரு சம்பவம் வருகிறது. நபிகள் நாயகத்தின் இறுதி ஹஜ். கஸ்அம் குலத்துப் பெண் ஒருத்தி, வயதான தன் தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று கேட்க வருகிறாள். நபிகளோடு அமர்ந்திருந்த இளைஞர் ஃபழ்ல் இப்னு அப்பாஸ் அவளையே பார்க்கிறார். நபிகள் அந்தப் பெண்ணைப் போகச் சொல்லவில்லை, முகத்தை மூடச் சொல்லவில்லை. ஃபழ்லின் முகத்தைக் கையால் வேறு பக்கம் திருப்பினார்கள். அவள் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். இஹ்ராமில் பெண் முகத்தை மூடக்கூடாது, அதனால்தான் அப்படி என்று சிலர் விளக்குவார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். உலகத்திலேயே புனிதமான இடத்தில், அவ்வளவு பெரிய கூட்டத்தில், பெண்ணின் முகம் திறந்திருக்கலாம் என்றால் அங்கே ஒழுக்கத்தைக் காப்பது எது? ஆணின் கண்தானே?

ஆணுக்கு ஆடைச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைக்க வேண்டும் என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்கள் சொல்வது. பெருமைக்காக ஆடையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துக்கொண்டு நடப்பதற்குக் கண்டனம் இருக்கிறது. பட்டும் தங்கமும் ஆணுக்கு ஆகாது என்று ஹதீஸ் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு மோதிரம் எத்தனை கிராம் என்பது பெண் பார்க்கும் அன்றே பேசி முடிக்கப்படுகிறது. தங்க மோதிரம் போட்ட மாப்பிள்ளைக்கு நிக்காஹ் ஓதமாட்டேன் என்று எழுந்து போன ஒரு ஹஜ்ரத்தை நான் பார்த்ததில்லை. முழங்கால் தெரிய அரை டிராயரில் டீக்கடையில் நிற்கும் பையனை யாரும் படம் பிடித்து வாட்ஸாப்பில் போட்டதில்லை. அவனுடைய அவ்ரத் அவன் சொந்த விஷயம். பெண்ணின் அவ்ரத் ஊர் விஷயம்.

ஆடை பாதுகாப்பு என்றும் சொல்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் அதிகாலையில் வந்து பாருங்கள். ஷூ கம்பெனி பஸ்களில் சுற்றுப்பட்ட கிராமத்துப் பெண்கள் வந்து இறங்குவார்கள். எங்கள் முன்னோர் தலையில் வைக்க மறுத்த தோல்தான் இன்று இந்த வட்டாரத்துக்குச் சோறு. அதைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உள்ளே போனதும் சேலையின் மேல், சுடிதாரின் மேல் ஓவர்கோட் மாட்டிக்கொள்கிறார்கள். கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடிய உடை. முஸ்லிம் பெண், தலித் பெண், வன்னியப் பெண் எல்லாருக்கும் ஒரே உடை. அந்த ஓவர்கோட்டுக்குள் இருக்கும் பெண்களிடம் சூப்பர்வைசரின் பார்வையைப் பற்றிக் கேளுங்கள். தையல் மெஷின் மேல் குனியும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் ஆளைப் பற்றிக் கேளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் என்னிடம் பேசிய பெண்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. துணியால் பாதுகாப்பு வருவதாக இருந்தால் அவர்களுக்கு வந்திருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, இஸ்லாம் பெண்ணை ஒடுக்குகிறது என்று சிலர் கைதட்டக்கூடும். அவர்களிடமும் எனக்குச் சொல்ல இருக்கிறது. 2022-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 19, மேலூர் நகராட்சித் தேர்தலில் ஹிஜாப் அணிந்து ஓட்டுப்போட வந்த பெண்ணைப் பார்த்து பா.ஜ.க. முகவர் சத்தம் போட்டார். அங்கிருந்த மற்றவர்கள் எதிர்த்ததால் அவரைத்தான் வெளியேற்றினார்கள். மார்ச் 15, ஹிஜாப் இன்றியமையாத மத வழக்கம் இல்லை என்று சொல்லி, கர்நாடக அரசின் சீருடை உத்தரவை அந்த மாநில உயர்நீதிமன்றம் ஏற்றது. செப்டம்பர் 16, முக்காடு சரியாக இல்லை என்று டெஹ்ரானில் பிடிக்கப்பட்ட 22 வயது மஹ்ஸா ஜினா அமினி காவலில் இருந்தபோதே இறந்தாள். அக்டோபர் 13, கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்புச் சொன்னார்கள். ஹிஜாப் அந்தப் பெண்ணின் தெரிவு, அவள் படிப்பே முக்கியம் என்றார் நீதிபதி சுதான்ஷு துலியா. ஒரே ஆண்டில் ஓர் அரசு கழற்றச் சொல்லிப் பள்ளிக் கதவைச் சாத்தியது, இன்னோர் அரசு போடச் சொல்லி உயிரை வாங்கியது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று எங்களிடம் சொல்லாதீர்கள்.

நான் முக்காடு போடுவதில்லை. என் ஆபா போடுகிறாள். எங்கள் நானி சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டே காலம் கழித்தவள். அவளை யாரும் மார்க்கம் தெரியாதவள் என்று சொன்னதில்லை. ஆபா நாற்பது வயதில் கறுப்பு புர்காவுக்கு மாறியபோது நான் சண்டை போட்டேன். “உன் கவிதையை நான் திருத்தறேனா?” என்று கேட்டாள். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். பெண்ணியவாதிகளான நமக்கும் இது பொருந்தும். அவள் தலையிலிருந்து துணியை உருவுவது நம் வேலை இல்லை. அவள் போடவும் கழற்றவும், இரண்டுக்கும் தண்டனை இல்லாத ஊரை உண்டாக்குவதுதான் நம் வேலை.

தண்டனை என்பது கைகலப்பு மட்டும் இல்லை. அந்த வீடியோவுக்குப் பிறகு எங்கள் துறை மாணவிகளைக் கோட்டைக்குக் கூட்டிப் போகும் திட்டம் கைவிடப்பட்டது. ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம் என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றிக் காட்டும் பயணம் அது. பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்றார்கள். மாணவர்கள் மறுவாரம் பைக்கில் போய்ப் படம் எடுத்துப் போட்டார்கள். ஒரு மாணவியை மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்தே அவள் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மறித்தவர்கள் ஏழு பேர், வீட்டுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

வேலூரில் பாகியாத்துஸ் ஸாலிஹாத் இருக்கிறது. ஆம்பூருக்குப் பக்கத்தில் உமராபாத்தில் 1924-இல் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் இருக்கிறது. தென்னிந்தியா முழுக்க ஆலிம்களை அனுப்பும் ஊர்கள் நாங்கள். அவர்களிடம் கேட்கிறேன்: ஒரு வருடத்தில் 52 ஜும்ஆ. அதில் பத்தையாவது 30ஆம் வசனத்துக்குக் கொடுங்கள். மகன் யாரை மறித்தான், எதைப் படம் பிடித்தான் என்று தகப்பனை ஜமாஅத்தில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் பெண்களையும் உட்கார வையுங்கள். புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைக் கூட்டியதே, எங்கள் வழக்கை நாங்கள் இல்லாத இடத்தில் ஆண்கள் தீர்க்கக்கூடாது என்பதற்காகத்தான். இருபது வருடம் ஆகிவிட்டது, அந்தக் கேள்விக்கு நம் பக்கத்து ஜமாஅத்துகள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கல்லூரியில் இந்த வருடம் கோட்டைப் பயணத்துக்கு மறுபடி மனு எழுதியிருக்கிறேன். மாணவிகள் எப்படி உடுத்தி வர வேண்டும் என்று ஓர் உறுதிமொழித் தாள் எப்போதும் இணைக்கப்படும். இந்த முறை மாணவர்களுக்கும் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். யாரையும் அனுமதியில்லாமல் படம் எடுக்க மாட்டேன், யார் யாரோடு வந்தார் என்று விசாரிக்க மாட்டேன், பார்வையைத் தாழ்த்துவேன் என்று எழுதி, அதன்கீழ் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அலுவலகத்தில் அதைப் படித்தவர், “இதெல்லாம் எதுக்கு மேடம்?” என்றார்.

பெண்களின் தாளை இத்தனை வருடமாக அவர் கேள்வி கேட்டதே இல்லை.