வரி வாங்கிய எல்லைகளைக் காப்போம்

இன்று வரி என்றதும் இரசீதும் அலுவலகமும் நம் நினைவுக்கு வருகின்றன. முன்னாளில் வரிக்கென ஓர் எல்லை இருந்தது. அதைத் தாண்டும் பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும். அத்தகைய எல்லைகளின் அடையாளங்களை நாம் காக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இலண்டன் மாநகரைப் பாருங்கள். அந்நகருக்குள் வரும் நிலக்கரிக்கு வரி விதிக்கப்பட்டது. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வரி எல்லையைக் காட்ட நகரைச் சுற்றிலும் தூண்கள் நடப்பட்டன. 1889இல் அவ்வரியை நீக்கச் சட்டம் வந்தது. ஆயினும், 200க்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் பல சட்டப் பாதுகாப்பும் பெற்றுள்ளன.

நம் சிலாங்கூரில் ஆறுகளே வரி எல்லைகளாக இருந்தன. உட்பகுதியில் தோண்டிய ஈயம் படகில்தான் கடலுக்கு வந்தது. ஆற்று முகத்துவாரத்தை ஆண்டவரே வரியை வசூலித்தார். கிள்ளான் ஆற்றின் ஈய வரி உரிமை பற்றிய பூசல், 1867இல் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போருக்கு ஒரு முக்கியக் காரணம். கோல சிலாங்கூரின் மெலாவத்தி குன்றும் அத்தகைய முகத்துவாரத்தைக் காத்த கோட்டைதான். அங்கே குரங்குகளுக்குத் தீனி கொடுத்து, பீரங்கி அருகில் படம் எடுத்துத் திரும்பும் நம்மில் எத்தனை பேர் கீழே ஓடும் ஆற்றைக் கவனிக்கிறோம்?

வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். நில அளவையர் நட்ட எல்லைக்கற்களே நிலத்தின் பரப்பைக் காட்டின; அப்பரப்பைக் கொண்டே நிலவரி கணக்கிடப்பட்டது. நம் முன்னோர் பால் மரம் சீவியதும் செம்பனைக் குலை வெட்டியதும் அக்கற்களுக்கு உள்ளேதான். அவர்களுள் பெரும்பாலோருக்கு அந்நிலத்தில் ஓரடிகூடச் சொந்தமில்லை. அந்த உண்மைக்கும் அக்கற்கள் சாட்சி.

“பழைய கல்லால் யாருக்கு என்ன பயன்? வீடுகள்தாமே தேவை?” எனச் சிலர் கேட்கலாம். வீடுகள் தேவைதான். ஆனால், ஒரு கல்லைக் காக்க ஒரு வீட்டை இழக்க வேண்டியதில்லை. பயன்பாட்டில் உள்ள எல்லைக்கல்லை அகற்றுவது சட்டப்படி குற்றம். பயன்பாடு முடிந்த கல்லையோ அதன் இடத்திலேயே வைத்து, அருகில் ஒரு விளக்கப் பலகை நட்டால் போதும்.

மாணவர்களே, உங்கள் வட்டாரத்தில் பழைய கல்லைக் கண்டால் அசைக்காதீர்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், பெரியவர்களிடம் அதன் கதையைக் கேட்டு எழுதுங்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் இக்காலத்தில், அப்பணியைத் தள்ளிப்போட முடியாது.