அயர்ன் மேனும் போத்துராஜாவும்

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் பாரதக் கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திடலில் ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. வேடம் கட்டி முடிய நேரம் ஆகும் போலிருந்தது. என் பக்கத்தில் இருந்த பத்தாம் வகுப்புப் பையன் செல்போனில் அயர்ன் மேன் பார்த்துக்கொண்டிருந்தான். சினிமாவில் வந்த அயர்ன் மேன் இல்லை. கூரான முகவாய், பெரிய கண்கள், ஜப்பானிய எழுத்தில் தலைப்பு. "அண்ணா, இது அமெரிக்காக்காரன் கதைதானே? ஜப்பான்காரன் எடுத்திருக்கானே, காப்பியா?" என்று கேட்டான்.

பதில் சொல்வதற்குள் மிருதங்கம் தொடங்கிவிட்டது. பலருக்கும் இருக்கும் சந்தேகம் என்பதால் இங்கே சொல்கிறேன்.

காப்பி இல்லை. உரிமை வைத்திருக்கும் மார்வெல் நிறுவனமே ஜப்பானின் மேட்ஹவுஸ் ஸ்டுடியோவோடு சேர்ந்து தயாரித்தது. 2010 அக்டோபர் முதல் 2011 செப்டம்பர் வரை ஜப்பானில் அனிமேக்ஸ் சேனலில் அயர்ன் மேன், உல்வரின், எக்ஸ்-மென், பிளேடு என்று நான்கு தொடர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் 12 பகுதி. கதைக்கு அடித்தளம் போட்டவர் வாரன் எல்லிஸ் என்ற ஆங்கில எழுத்தாளர். இயக்கம், ஓவியம், குரல் எல்லாம் ஜப்பானியர்களுடையவை.

இதை டப்பிங்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஷின்சான் தமிழ் பேசினாலும் அவன் வீடு, பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் ஜப்பானிலேயே இருக்கின்றன. 2025 செப்டம்பரில் நம் தியேட்டர்களுக்குத் தமிழில் வந்த டீமன் ஸ்லேயர் படமும் அப்படித்தான். அங்கே மாறுவது குரல் மட்டும். தழுவல் என்றால் கதையே வேறு ஊருக்குக் குடிபோகிறது. போன இடத்தில் அதற்குப் புதுச் சொந்தக்காரர்கள் முளைக்கிறார்கள்.

அயர்ன் மேன் தொடரில் டோனி ஸ்டார்க் ஜப்பானுக்கு வருகிறார். ஆர்க் ஸ்டேஷன் என்ற மின் நிலையம் அமைக்க வருகிறவரைச் சோடியாக் என்ற கூட்டம் விதவிதமான போர் இயந்திரங்களை ஏவித் தாக்குகிறது. இவ்வளவு இயந்திரங்கள் எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். 1956இல் தெட்சுஜின் 28 வந்த காலத்திலிருந்து மசிங்கர், குண்டம் என்று ராட்சத இயந்திரங்களைப் பார்த்து வளர்ந்த நாடு அது. அங்கே வீரம் என்றதும் குழந்தையின் மனதில் எழும் உருவங்களில் இரும்பால் ஆனதும் ஒன்று.

இதைவிடத் துணிச்சலான வேலை 1978இலேயே நடந்தது. அது அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் இல்லை, ஆட்கள் நடித்த தொலைக்காட்சித் தொடர். டோயி நிறுவனம் ஸ்பைடர்மேனை எடுத்தது. பீட்டர் பார்க்கர் போய் தக்குயா யமஷிரோ வந்தான். சிலந்தி கடிக்கவில்லை, ஸ்பைடர் என்ற கோளிலிருந்து வந்த ஒருவர் தன் ரத்தத்தை அவனுக்கு ஏற்றினார். போதாததற்கு அவனுக்கு லியோபார்டன் என்று ஒரு ராட்சத ரோபோ. உடை மட்டும் பழையபடியே இருந்தது. பல ஆண்டு கழித்து, அமெரிக்காவிலேயே மார்வெல் வெளியிட்ட ஸ்பைடர்வெர்ஸ் காமிக்ஸுக்குள் அந்த லியோபார்டன் போய் நின்றது. புகுந்த வீட்டில் பிறந்த பிள்ளையைத் தாய்வீடு மடியில் வாங்கிக்கொண்டது.

உல்வரின் தொடர் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. காமிக்ஸில் குள்ளமாக, முடி அடர்ந்து, முரட்டுத்தனமாக இருப்பவரை ஒல்லியான, நெடிய இளைஞராக வரைந்துவிட்டார்கள். எக்ஸ்-மென் தொடரைத்தான் பையன்களுக்குச் சொல்வேன். ஹிசாக்கோ என்ற ஜப்பானியச் சிறுமியைத் தேடிப்போவதில் தொடங்குவதால் கதைக்கு அந்த மண்ணில் வேர் பிடித்துவிட்டது.

நம் நாட்டிலும் முயன்றிருக்கிறார்கள். 2004இல் வந்த இந்திய ஸ்பைடர்மேன் காமிக்ஸில் மும்பைப் பையன் பவித்ர் பிரபாகர் வேட்டி கட்டிச் சுவரில் ஏறினான். ஒரு யோகி அவனுக்குச் சக்தி கொடுத்தார். பீட்டரின் காதலி மேரி ஜேன், மீரா ஜெயின் ஆனாள். ஓசைக்கு ஓசை பெயர் மாற்றிய அளவுக்குக் கதை மாறவில்லை என்பது என் எண்ணம். நான்கே இதழ்களில் அது முடிந்தது.

எதிர்த் திசையிலும் ஒரு பயணம் உண்டு. நம் ராமாயணத்தை யூகோ சாகோ என்ற ஜப்பானியர், நம் அனிமேஷன் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து அனிமேவாக எடுத்தார். வெளிநாட்டார் ராமனைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று அப்போது எதிர்ப்பு கிளம்பியது. 1992இல் முடிந்த அந்தப் படம் 2025 ஜனவரி 24 அன்று தமிழிலும் திரைக்கு வந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பக்தியோடு வரைந்திருக்கிறார்கள் என்று.

தழுவலைப் புரிந்துகொள்ள அந்தப் பையன் ஜப்பான் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. அவன் உட்கார்ந்திருந்த திடலே போதும். திரௌபதி அம்மன் கோயில்களில் காவலுக்கு நிற்கிற போத்துராஜா வியாசர் பாரதத்தில் இல்லை. பாண்டவர்களின் தங்கை சங்குவதியைக் கட்டியவர் என்று நம் ஜனங்கள் அவரைக் குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். முத்தால் ராவுத்தரும் வியாசரிடம் இல்லை. முஸ்லிமான அவரை அம்மனுக்குக் காவலாக நிறுத்தியது இந்த மண். பதினெட்டாம் போருக்கு ஊர்க்காரர்கள் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைப் பனைமர நீளத்துக்குச் செய்து வண்ணம் தீட்டுகிறார்கள். அதன் தொடையில் பீமன் அடிக்க, செந்நீர் எடுத்துத் திரௌபதி கூந்தல் முடிகிறாள். இதைக் காப்பி என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. அயர்ன் மேனுக்கு முதலாளி உண்டு. அனுமதி இல்லாமல் யாரும் தொட முடியாது. எதை மாற்றலாம் என்பதும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. பாரதத்துக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை. வாத்தியாரிடம் கற்று, மேடை ஏறிய ராத்திரியிலேயே ஒரு கூத்துக் கலைஞர் அதில் புது வரி சேர்க்கலாம்.

அன்றைக்கு அதுதான் நடந்தது. துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன, திரைக்குப் பின்னாலிருந்து கர்ஜித்துக்கொண்டு வந்தான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குனிந்து கும்பிட்டு, "மகாராசா, அஸ்தினாபுரத்துல எல்லாரும் சௌக்கியங்களா? பாலக்கோடு மார்க்கெட்டுல இன்னிக்குத் தக்காளி என்ன வெலை போச்சுங்க?" என்று கேட்டான். திடல் முழுக்கச் சிரிப்பு. பையன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு முன்வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.