காவியத்தின் குரல் யாருடையது?

சென்ற வாரம் எங்கள் துறை அறையில் ஒரு பாடலை ஒலிக்கவிட்டேன். பாதிகூட முடியவில்லை. "ஒரு நாட்டின் காவியத்தை இப்படியா கதறக் கதறக் கொல்வது?" என்றார் சக ஆசிரியர் ஒருவர். அவர் ஒருவரின் கேள்வி மட்டுமே என்றால் விட்டிருப்பேன். இலக்கியம் பேசும் பலரின் மனத்தில் பதுங்கியிருக்கும் கேள்வி இது என்பதால் கறாராகவே பேசிவிடலாம்.

அந்தப் பாடல், பின்லாந்தின் அமார்ஃபிஸ் குழுவினர் 1994 ஜூலையில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் த தவுசண்ட் லேக்ஸ்' என்னும் தொகுப்பில் உள்ளது. மெலோடிக் டெத் மெட்டல் உருவாகிவந்த காலத்தின் முக்கியமான தொகுப்பு அது. பாடல்களின் சொற்கள் பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலாவைச் சார்ந்தவை, ஆங்கிலத்தில் பாடப்படுபவை.

முதல் குற்றச்சாட்டு, காவியத்தின் தூய்மை கெட்டுவிட்டது என்பது. எந்தத் தூய்மை? எலியாஸ் லொண்ரொத் என்ற மருத்துவர் கரேலியப் பகுதிகளில் அலைந்து, அர்ஹிப்பா பெர்த்துனன் போன்ற பாடகர்களின் வாய்மொழியாகக் கேட்டவற்றைத் தொகுத்தார். வெட்டினார், ஒட்டினார், இணைப்பு வரிகளும் எழுதினார். 1835இல் வந்த நூலே 1849இல் 50 பாடல்களும் 22,795 அடிகளுமாக விரிந்தது. நாம் மூலம் என்று வணங்குவதே ஒரு தொகுப்பாளரின் துணிச்சல்தான். அவருக்கு இருந்த உரிமை கிதார் ஏந்திய இளைஞர்களுக்கு மட்டும் இல்லையா?

இரண்டாவது குற்றச்சாட்டு, உறுமல். பாட்டு என்றால் இனிமை என்று முடிவுகட்டியவர்கள் கலேவலாவின் மூன்றாம் பாடலைப் படிக்க வேண்டும். முதியவன் வைனாமொயினன் தன் பாட்டாலேயே யொவுகாஹைனனைச் சேற்றில் அமிழ்த்துகிறான். அங்கே பாட்டு என்பது ஆளை அழுத்தும் விசை. தோமி கொய்வுசாரியின் உறுமல் அந்த விசைக்கு அந்நியமானதன்று. அதே தொகுப்பில் வில்லே துவோமியின் தெளிந்த குரலும் ஒலிக்கிறது என்பதைப் பாதியில் எழுந்து போனவர்கள் அறியமாட்டார்கள்.

உயிர் பிழைக்கத் தவித்த யொவுகாஹைனன் தன் தங்கை ஐனோவையே அக்கிழவனுக்கு ஈடாகத் தருகிறான். நான்காம் பாடலில் அவள் நீரில் மாய்கிறாள். தொகுப்பின் ஆறாவது பாடலான 'ட்ரௌண்ட் மெய்ட்' அவளைப் பற்றியது. அதற்கு முந்தையது 'பிளாக் விண்டர் டே'. காவியத்தின் இருபத்திரண்டாம் பாடலில் பிறந்தகம் விட்டுப் புகுந்தகம் செல்லும் மணமகளின் புலம்பல். காவியத்தில் பதினெட்டுப் பாடல்கள் தள்ளி நிற்கும் இரு பெண்களும் இங்கே முன்பின் மாறி அடுத்தடுத்து நிற்கிறார்கள். அழுதுகொண்டே மணவாழ்வுக்குப் போகிறவள் ஒருத்தி. போக மறுத்து மாய்ந்தவள் இன்னொருத்தி. இந்த அடுக்கு திட்டமிட்டதா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒருத்தியின் அழுகைக்கு மற்றவளின் சாவு உரையாகிவிடுகிறது. நல்ல உரையாசிரியன் செய்யும் வேலை வேறென்ன?

குறை இல்லாமலில்லை. சொற்கள் காதுக்குப் பிடிபடுவதில்லை. கையில் பாடல் தாள் வேண்டும். துண்டு துண்டாக எடுக்கப்பட்டதால் கதையறியாதவர் திகைப்பார். ஆனால் அந்தத் திகைப்பே பலரை மூலத்திடம் அனுப்பும். நம் வகுப்பறைகளில் பொழிப்புரையும் மதிப்பெண்ணுமாகக் கற்பிக்கும் காவியங்கள் எத்தனை பேரை அவ்வாறு அனுப்பின?

ஒன்று சொல்லியாக வேண்டும். இத்தொகுப்பு வந்த அதே 1994இல்தான் கலேவலா முழுமையும் தமிழ்ச் செய்யுளாக வெளிவந்தது. இலங்கை எழுத்தாளர் உதயணன் என்னும் ஆர். சிவலிங்கம் பின்லாந்தில் வாழ்ந்து செய்த அரும்பணி. அஸ்கோ பார்பொலாவின் அறிமுகத்தோடு வந்தது. காவியத்துக்காகக் கொதித்த அறையில் அதை எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்று கேட்டேன். பதில் இல்லை. நானும் இந்த இசைத்தொகுப்பைக் கேட்ட பிறகே அந்நூலைத் தேடினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மதுரைத் திட்டத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. நான்காம் பாடலையும் இருபத்திரண்டாம் பாடலையும் படியுங்கள். பிறகு அந்த இரண்டு பாடல்களையும் முழுமையாகக் கேளுங்கள். அதன் பின்னும் கொலை என்றே தோன்றினால் சண்டைக்கு வாருங்கள், காத்திருக்கிறேன்.